எண்ணெய் தீர்ந்தால் எரியும் விளக்கு

எண்ணெய் இருக்கும் வரையில் விளக்கு எரியும். எண்ணெய் தீர்ந்தால் அணைந்து போகும். உலகில் விளக்கு ஏற்றத் தொடங்கிய நாளாக விளக்குகளின் தர்மம் இதுதான். இதற்கு நேர் விரோதமான தர்மத்தை அனுஷ்டிக்கும் விளக்கு ஒன்று உண்டு. எண்ணெய் ஒழுங்காக ஓடும் வரையில் அது எரியாது. எண்ணெய் நின்றால்தான் எரியும். மோட்டார் ஓட்டுகிறவருடைய கண்ணுக்கு எதிரே, சிறு எண்ணெய்ச் செம்பின் உருவத்தில், செக்கச் செவேலென்று அது தோன்றும். இந்த வாரம் அதைப் பற்றி நாம் எழுத நேர்ந்ததற்குக் காரணம் ஒரு தாயாருடைய இரண்டு தங்க வளையல்கள்.

சென்ற தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பரீட்சைத் தாள்களுக்கு நடுவே மூழ்கிக் கிடந்தோம். ஓர் அம்மாள் நம் வீட்டுத் திண்ணையருகில் வந்து நின்றார். அவருடைய மகன் பத்து வருஷத்துக்கு முன்னால் நம்மிடம் பௌதிகம் படித்தவன்; இப்போது ஊரில் சிறியதாக ஒரு மோட்டார்ப் பட்டறை வைத்திருக்கிறான். வார நாட்களில் பிறர் வண்டிகளைப் பழுது பார்ப்பான். கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால், தன்னுடைய பழைய சிறு காரை எடுத்துக் கொண்டு, ஸ்ரீபெரும்புதூருக்கு அருகில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதைக்குப் போய்விடுவான்.

"ஐயா, போன தடவை போனப்போ எஞ்சின் வெடிச்சு, வண்டியை லாரியிலே ஏத்திக்கிட்டு வந்தான். அதைச் சரி பண்ண என் வளையலை அடகு வெச்சாச்சு. இப்ப மறுபடியும் போறேங்கறான். நீங்க சொன்னா கேப்பான். போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

உபாத்தியாயர்களுக்கு உபதேசம் செய்வதைவிட ருசியான வேலை வேறு கிடையாது. உடனே பட்டறைக்குப் புறப்பட்டோம். பையன் நம்மை மரியாதையாக உட்கார வைத்து, நாம் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டான். பிறகு மேஜை அறையிலிருந்து ஒரு பொருளை எடுத்து நம் உள்ளங்கையில் வைத்தான். பிறை வடிவத்தில் வளைந்த மெல்லிய உலோகத் தகடு. உள்பக்கம் கறுத்து, உருகி, கிழிந்திருந்தது. அதுதான் எஞ்சினுக்குள்ளிருந்து எடுத்த பேரிங்.

"ஸார், அன்றைக்கு எஞ்சினில் எண்ணெய் குறையவில்லை. வண்டியை இறக்குவதற்கு முன்னால் கோலை விட்டுப் பார்த்தேன். முழு அளவு இருந்தது. உடைந்த பிறகும் இருந்தது. எண்ணெய் இருந்தும் எண்ணெய் இல்லாமல் செத்தது எஞ்சின். ஏன் என்று இப்போது எனக்குத் தெரியும். ஒரு நாள் மலைக்கு வாருங்கள், காட்டுகிறேன். அதற்குப் பிறகும் போகாதே என்று சொன்னால், போகவில்லை" என்றான்.

இப்படியாகத்தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாம் போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் ஜவ்வாது மலைப் பாதையில் பிரயாணம் செய்யும்படி ஆயிற்று.

மலை ஏறுவதற்கு முன் எஞ்சினுக்குள் எட்டிப் பார்த்துவிடுவது நல்லது. எஞ்சினுடைய அடிவயிற்றில் ஒரு தகரத் தொட்டி இருக்கிறது. பட்டறைக்காரர்கள் அதை 'ஆயில் சம்ப்' என்பார்கள். சிறிய கார்களில் அதில் மூன்று நான்கு லிட்டர் எண்ணெய் நிற்கும். தொட்டியின் அடியில், தரையைத் தொட்டும் தொடாமலும், வலை கட்டிய வாயுள்ள ஒரு குழாய் தொங்குகிறது. அந்த வாய் வழியாகப் பம்பு எண்ணெயை உறிஞ்சி, சல்லடை வழியாக அனுப்பி, சுழலும் தண்டைத் தாங்குகிற பேரிங்குகளுக்கு அழுத்தத்தோடு ஊட்டுகிறது. ஊட்டிய எண்ணெய் வழிந்து மறுபடியும் தொட்டியில் விழுகிறது. இவ்வாறு எஞ்சினின் அடியிலேயே எண்ணெயைத் தேக்கி வைக்கும் முறைக்கு 'ஈரத் தொட்டி' முறை என்று பெயர். நம் வீட்டு வண்டிகள் ஏறக்குறைய எல்லாம் இந்த ஜாதியே.

பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவே எண்ணெய் என்ன செய்கிறது? வழுக்கலாக இருக்கிறது என்று சொன்னால் பாதி உண்மைதான். 1883-ஆம் வருஷத்தில் பீச்சம் டவர் என்ற ஆங்கிலேய எஞ்சினீயர் ரயில் வண்டி அச்சுக்களைப் பற்றிப் பரிசோதனை செய்து கொண்டிருந்தார். பேரிங்கின் தலையில் எண்ணெய் விடுவதற்காக ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும், துளை வழியாக எண்ணெய் மேலே பொங்கிற்று. கார்க்கை வைத்து அடைத்தார். கார்க்கு வெளியே தள்ளப்பட்டது. மரக்கட்டையை அடித்து இறுக்கினார். அதுவும் வெளியே வந்தது. சுழலும் அச்சு தானே எண்ணெயை இழுத்து நடுவே செருகி, தன் பாரத்தையே தூக்கி நிறுத்தும் அழுத்தத்தை உண்டாக்கிக் கொள்கிறது என்பது அப்போதுதான் விளங்கிற்று. 1886-இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் என்ற பேராசிரியர் இதற்குக் கணிதம் வகுத்தார். ஆகவே ஓடுகிற எஞ்சினில் இரும்பு இரும்பைத் தொடுவதே இல்லை. தலைமயிரைவிட மெல்லியதான ஓர் எண்ணெய்ப் படலத்தின் மேல் தண்டு மிதக்கிறது. படலம் இருக்கும் வரையில் எஞ்சினுக்கு ஆயுள் கெட்டி. படலம் அறுந்தால், நம் உள்ளங்கையில் வைத்த பிறைத் தகட்டின் கதிதான். தகடு உருகித் தண்டைப் பற்றிக் கொள்ளும். அல்லது பிஸ்டனைத் தாங்கும் கோல் முறிந்து, எஞ்சினின் பக்கத்தைப் பிளந்துகொண்டு வெளியே வரும். பந்தயத்தில் எஞ்சின் நிமிஷத்துக்கு 6000 சுற்றுச் சுற்றினால், ஒரு விநாடிக்கு 100 சுற்று. 'ஒரே ஒரு விநாடிதானே' என்று நாம் நினைப்பதற்குள் அது 100 தடவை வறட்சியில் உராய்ந்துவிடுகிறது.

இனி மலைக்குப் போவோம். பையன் ஒரு சிறு கண்ணாடிப் புட்டியில் பாதிக்கு நல்லெண்ணெய் விட்டு, அதை வண்டியின் முன்பலகையில் கட்டியிருந்தான். பின்னால் ஓர் அட்டையில் பாகைமானி வரைந்து ஒட்டியிருந்தான். அந்தப் பாகைமானியைப் பார்த்ததும் நமக்கு உண்டான சந்தோஷத்தைச் சக உபாத்தியாயர்கள் அறிவார்கள். வகுப்பில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக் கொண்டிருந்த பையன் அவன்!

சமதரையில் எண்ணெய் மட்டமாக நின்றது. மலைப் பாதையின் வளைவுகள் தொடங்கின. வண்டி இடப்புறம் திரும்பினால் எண்ணெய் வலப்புறச் சுவரில் ஏறிற்று. வலப்புறம் திரும்பினால் இடப்புறத்தில் ஏறிற்று. பிரேக்கை மிதித்தால் முன்னால் ஓடிற்று. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில், 15 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவைக் கடக்கும்போது எண்ணெயின் மட்டம் சுமார் 25 பாகை சாயும் என்பது கணக்கு. புட்டியும் ஏறக்குறைய அதையே காட்டிற்று. அந்தக் கணக்கு, நாம் கரும்பலகையில் எழுதி அவன் பார்க்காமல் விட்ட அதே கணக்குதான்: வேகத்தை வேகத்தால் பெருக்கி, ஆரத்தால் வகுத்து, பூமியின் இழுப்போடு ஒப்பிடுவது.

"பந்தயப் பாதையில் 80 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால் என்ன ஆகும், ஸார்?" என்றான்.

மனக் கணக்காகப் போட்டுப் பார்த்தோம். கிட்டத்தட்ட 45 பாகை! தொட்டியை 45 பாகை சாய்த்துப் பிடித்ததற்குச் சமானம். எண்ணெய் முழுவதும் ஒரு மூலையில் போய்ச் சுவரேறி நிற்கும். உறிஞ்சும் குழாயின் வாய் மற்ற மூலையிலோ நடுவிலோ வெறுங்காற்றில் தொங்கும். மலைப் பாதையின் கொண்டை வளைவில் எஞ்சின் மெதுவாகத்தான் சுற்றுகிறது. பந்தய வளைவிலோ, அது முழு வேகத்தில் சுற்றிக் கொண்டிருக்கும்போது பம்பு எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றைக் குடிக்கிறது. போதாக் குறைக்கு, அந்த வேகத்தில் எண்ணெயில் ஒரு பகுதி எஞ்சினின் தலைப் பக்கத்தில் ஏறிக் கிடந்து, கீழே இறங்கிவரத் தாமதம் செய்கிறது. குடத்தில் தண்ணீர் இருக்கிறது. குடிக்கிறவனுடைய வாய்க்கு எட்டவில்லை. அதுவே அவன் எஞ்சின் இறந்த கதை.

சிவப்பு விளக்கு எச்சரிக்கவில்லையா என்று கேட்டோம். எச்சரித்ததாம், ஆனால் கடைசியில்! 1000 சுற்றுக்குச் சுமார் 10 பவுண்டு எண்ணெய் அழுத்தம் வேண்டும் என்பது பழைய பட்டறைக் கணக்கு. 6000 சுற்றில் 60 பவுண்டு. வீட்டு வண்டியின் சிவப்பு விளக்கோ, அழுத்தம் ஐந்தாறு பவுண்டுக்கு இறங்கிய பிறகுதான் விழித்துக் கொள்ளும். வீடு எரிந்து முடிகிற சமயத்தில் மணி அடிக்கும் காவற்காரனை நம்பலாமா?

ஜமுனாமரத்தூருக்குச் சற்று முன்னால் வண்டியை ஓரமாக நிறுத்தினான். பலா மரங்களும் சாமைக் கொல்லைகளுமாக இருந்த சரிவில், மலையாளிப் பெண்மணி ஒருவர் தலையில் தண்ணீர்க் குடத்தோடு இறங்கி வந்து கொண்டிருந்தார். குடத்தின் வாயில் ஒரு கொத்துப் பச்சிலை மிதந்தது. அந்தச் சரிவிலும் ஒரு சொட்டு சிந்தவில்லை.

"அதோ பாருங்கள் ஸார், நான் செய்ததும் அதுதான்" என்றான் பையன்.

தண்ணீரில் இலை போடுவது எதற்கு? அலை எழும்போது இலை குறுக்கே நிற்கிறது. அலையின் வேகம் சிறுசிறு துண்டுகளாக உடைந்து போகிறது. நம் பாட்டிமார்களுக்கெல்லாம் தெரிந்த இந்தச் சூட்சுமத்தையே பந்தய எஞ்சினீயர்கள் இரும்புத் தகட்டில் செய்கிறார்கள். தொட்டிக்குள், உறிஞ்சும் குழாயைச் சுற்றித் தடுப்புத் தகடுகளால் ஒரு சிறு அறை கட்டுகிறார்கள். அதன் சுவர்களில் கீல் வைத்த குட்டிக் கதவுகள் உண்டு. அவை உள்பக்கமாக மட்டுமே திறக்கும். எண்ணெய் உள்ளே பாயும்போது கதவு வழி விடும். வளைவில் அது வெளியே ஓடப் பார்க்கும்போது கதவு சாத்திக் கொள்ளும். எண்ணெய் சுவரேறித் தப்பாதபடி மேலே படுக்கையாக ஒரு தகடு. சுழலும் தண்டு எண்ணெயை அடித்து நுரையாக்காதபடி நடுவே இன்னொரு தகடு. தொட்டியைப் பக்கவாட்டில் அகலப்படுத்தி அதிக எண்ணெய் பிடிக்கும்படி செய்வதும் உண்டு. வெறுமனே அளவுக்கு மேல் எண்ணெயை ஊற்றிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். கொஞ்சம் கூடுதலாக ஊற்றுவது உதவும். மிதமிஞ்சினால் சுழலும் தண்டு அதில் முழுகி, எண்ணெயை மோர் கடைவது போல் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையும் காற்றுத்தானே!

காசு உள்ளவர்களுக்கு மேலும் இரண்டு உபாயங்கள் உண்டு. ஒன்று, சேமக் குப்பி. ஓர் உருளைக்குள் ஒரு பிஸ்டன். அதன் ஒரு பக்கம் அழுத்திய காற்று, மறு பக்கம் எண்ணெய். பம்பு நன்றாக வேலை செய்யும்போது எண்ணெயைச் சேர்த்து வைத்துக் கொள்ளும். பம்பு காற்றைக் குடித்து அழுத்தம் விழுந்த க்ஷணத்தில், சேர்த்ததைத் தள்ளிக் கொடுத்துச் சில விநாடிகள் காப்பாற்றும். நெல் குதிர் மாதிரி. மற்றொன்று, 'வறண்ட தொட்டி' முறை. எஞ்சினின் அடியில் எண்ணெயைத் தேங்கவே விடாமல், தனிப் பம்புகளால் உறிஞ்சி, உயரமான வேறொரு பாத்திரத்தில் வைத்துக் கொள்வது. 1967-இல் வந்து உலகப் பந்தயங்களை ஆண்ட ஃபோர்டு-காஸ்வொர்த் எஞ்சின் இப்படிப்பட்டதுதான். ஆனால் இதற்கு ஆகும் செலவில் நம் பையன் இன்னொரு கார் வாங்கலாம்.

நம் நாட்டு மோட்டார்ப் பந்தயத்தின் சரித்திரமும் பெரும்பாலும் வீட்டு எஞ்சின்களின் சரித்திரமே. சோழவரத்தில் யுத்த காலத்து விமானத் தளத்தின் ஓடுபாதையில் ஆண்டுக்கு ஆண்டு ஜனங்கள் திரண்டு பந்தயம் பார்த்தார்கள். 1990-இல் இருங்காட்டுக்கோட்டைப் பாதை திறக்கப்பட்டது. கோயம்புத்தூர் கரிவர்தன், வெளிநாட்டுப் பந்தயக் கார்களை விலை கொடுத்து வாங்க முடியாத இளைஞர்களுக்காக, மாருதி 800 வண்டியின் எஞ்சினை வைத்து ஒற்றை ஆசனப் பந்தயக் காரைச் செய்தார். 1988-இல் வந்த அந்த 'ஃபார்முலா மாருதி'யில் ஓட்டப் பழகியவர்களில் ஒருவரான நரேன் கார்த்திகேயன், 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். கரிவர்தன் அதைக் காண இருக்கவில்லை. 1995-இல் விமான விபத்தில் காலமாகிவிட்டார். செட்டிபாளையத்துப் பந்தயப் பாதை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. குடும்பத்தோடு கோயிலுக்குப் போவதற்கென்று பிறந்த எஞ்சினைப் பந்தயத்துக்கு அனுப்பலாம் என்று அவர் காட்டினார். அனுப்பும்போது அதன் வயிற்றைப் பத்திரப்படுத்தி அனுப்ப வேண்டும் என்பதே நம் பையன் அடகு வைத்துக் கற்ற பாடம்.

ஏரிக்கரையில் உட்கார்ந்து, கொண்டுபோன புளியோதரையைச் சாப்பிட்டோம். பிறகு நம் தீர்ப்பைச் சொன்னோம். "தம்பி, மலையில் உன் அழுத்தமானியின் முள் எந்த வளைவிலும் ஆடவில்லை, பார்த்தோம். ஆனால் மலை 25 பாகை. பந்தயம் 45 பாகை. இங்கே தேறியது அங்கேயும் தேறும் என்று சொல்வதற்கில்லை. போய் வா. ஆனால் ஒரு நிபந்தனை. 40 பவுண்டிலேயே எரியும்படி பெரிய விளக்கு ஒன்று வைத்துக்கொள். பந்தயத்துக்கு முந்தின ஓட்டத்தில் அது ஒரு முறை கண் சிமிட்டினாலும், காலை எடுத்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டும். கட்டிய பணம் போனால் போகட்டும்." சம்மதித்தான்.

தாயாரிடம் இதைச் சொல்லப் போனபோது நமக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. போகாதே என்று சொல்லச் சொன்னவரிடம், போகச் சொல்லிவிட்டு வந்தோம் என்று எப்படிச் சொல்வது? சொன்னோம். அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனம் இரண்டு வாரம் நம்மைத் தூங்கவிடவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பையன் வந்தான். பந்தயத்தில் ஓடவில்லை. முந்தின ஓட்டத்தில், ஒரு நீண்ட வளைவில், பெரிய விளக்கு ஒரே ஒரு முறை மின்னியதாம். எல்லோரும் பார்த்துக் கொண்டிருக்க, வண்டியை ஓரங்கட்டி, திரும்பிவிட்டான். வீட்டில் தொட்டியைக் கழற்றிப் பார்த்ததில், குட்டிக் கதவுகளில் ஒன்று கீலில் உராய்ந்து, பாதி திறந்தபடியே நின்று போயிருந்தது. அரத்தால் நாலு இழுப்பு, கதவு சரியாகிவிட்டது. பேரிங்குகளையும் கழற்றிப் பார்த்தான். கீறல்கூட இல்லை.

அன்று மாலை அந்தத் தாயார் நம் திண்ணைக்கு வந்தார். "ஐயா, ஜெயிச்சுட்டு வந்திருந்தாகூட எனக்கு இவ்வளவு நிம்மதி இருந்திருக்காது. நிறுத்தத் தெரிஞ்சுதே அவனுக்கு!" என்றார்.

அடுத்த மாதம் அவன் மறுபடியும் போனான். முழுப் பந்தயமும் ஓடினான். கடைசிக்கு முந்தின இடம், எஞ்சின் முழுசு. அவன் கட்டிய தகட்டறையைப் பார்த்த இரண்டு மூன்று பேர் தங்கள் வண்டிகளுக்கும் செய்து தரச் சொல்லியிருக்கிறார்கள். வளையல்களில் ஒன்று மீண்டுவிட்டது. மற்றது இன்னும் அடகில்தான் இருக்கிறது.

நேயர்களில் பந்தயத்துக்குப் போகிறவர்கள் மிகச் சிலரே இருப்பார்கள். மலைக்குப் போகிறவர்கள் பலர். ஜவ்வாது மலையோ ஏலகிரியோ ஏற்காடோ, புறப்படும் நாள் காலையில், வண்டி சமதரையில் நின்று எஞ்சின் ஆறியிருக்கும்போது, கோலை எடுத்துத் துடைத்து ஒரு முறை எண்ணெய் அளவைப் பாருங்கள். குறைந்த எண்ணெயோடு மலை ஏறுகிற வீட்டு வண்டிக்கும் வளைவில் வறட்சி வரும். வழியில் அந்தச் சிவப்புச் செம்பு கண் சிமிட்டினால், 'அடுத்த ஊர் வரையில் போய்விடலாம்' என்று எண்ணாதீர்கள். பத்திரமான ஓரமாகப் பார்த்து உடனே எஞ்சினை நிறுத்திவிடுங்கள். மற்ற விளக்குகள் வழி காட்டுவதற்காக எரிகின்றன. இந்த ஒரு விளக்கு நிற்பதற்காக எரிகிறது.